காணாமல் போகும் முன் ஒரு பிரதி: பொது ஆவணங்களைச் சேமிக்கத் தொடங்குபவர்களுக்கு

2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஓர் ஆவணம் ஏறியது. மே 17, 18 தேதிகளில் லடாக்கில் குக்ராங் நாலா, கோக்ரா, பாங்காங் ஏரியின் வடகரை ஆகிய இடங்களில் சீனப் படை எல்லை மீறியதாக அதில் எழுதியிருந்தது. நம் மண்ணுக்குள் யாரும் நுழையவில்லை என்று ஜூன் மாதம்தான் பிரதமர் சொல்லியிருந்தார். பத்திரிகைகள் இந்த முரணைச் சுட்டிக்காட்டியதும் ஆகஸ்ட் 6 அன்று அந்தப் பக்கம் மறைந்தது. அக்டோபருக்குள் 2017 முதலான மாதாந்திர அறிக்கைகள் எல்லாமே தளத்திலிருந்து போய்விட்டன. புத்தகத்தைக் கொளுத்தவில்லை, யாரையும் பிடித்து உள்ளே போடவில்லை. லிங்கை அழுத்தினால் பக்கம் வராது, அவ்வளவுதான்.

இப்படி மறைவதற்கு முன்பு ஒரு பிரதி எடுத்து, அதை நாலு பேர் நம்பும்படி வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கான செய்முறை இது. கணினி வல்லுநராக இருக்கத் தேவையில்லை. பிரவுசரும், ஒரு பென்டிரைவும், தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கமும் போதும். மூன்றில் கடைசியதுதான் பலருக்கு வருவதில்லை.

ஏன் பிரதி? ஷா கமிஷன் கதை

நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களை விசாரிக்க 1977 மே மாதம் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. 1978-ல் மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் என மூன்று பகுதிகளாக அறிக்கை வந்தது. பத்திரிகைத் தணிக்கை எப்படி நடந்தது, மின்சாரத்தை நிறுத்தி அச்சகங்களை முடக்கியது எப்படி, யார் யாரிடம் வாய்மொழியாக என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் சாட்சியங்களோடு அதில் இருந்தன. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். அப்புறம் அந்த அறிக்கை கண்ணில் படுவது அரிதாகிப் போனது. இருந்த பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள் என்பதுதான் பரவலான பேச்சு. முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. 2010-ல், தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் அதை முழுமையாக மறுபதிப்புச் செய்தார். சென்னையில்தான் அது அச்சானது.

ஓர் அரசே வெளியிட்ட அறிக்கை, ஒரு தனி மனிதர் தன் பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் மறுபடி வாசகர் கைக்கு வந்தது. அந்த அறிக்கை வெளிவந்த காலத்தில் அவர் மாநிலங்களவை உறுப்பினர் என்பதையும் கவனியுங்கள். அசல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உங்கள் பிரதிக்கும் அந்த மரியாதை வேண்டும். கீழே சொல்லும் வேலைகளில் பாதி அதற்காகத்தான்.

முதல் வேலை: எப்படி மறைகிறது என்று கண்டுபிடியுங்கள்

‘நீக்கிவிட்டார்கள்’ என்று எழுதுவதற்கு முன்பு, என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். வகைக்கு ஏற்றாற்போல் வேலை மாறும்.

பக்கமே திறக்காமல் போவது ஒன்று. இதில் பெரும்பகுதி சதியல்ல, சோம்பல். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்கிட்டது. நம் ஊரில் அரசுத் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய லிங்குகள் கொத்தாகச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அதே தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வேறு முகவரிக்குக் குடிபோயிருக்கலாம்.

இரண்டாவது, பக்கம் அங்கேயே இருக்கும், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கேலிச்சித்திரத்தை ஒட்டி விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோது, அரசிடமிருந்து அறிவிப்பு எதுவும் வருவதற்கு முன்பே பலருக்குத் தளம் திறக்கவில்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் போடும் முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க 2009-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆகவே உத்தரவு நகல் உங்களுக்குக் கிடைக்காது. வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள், வெளிநாட்டில் இருக்கும் நண்பரைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே வந்து இங்கே வரவில்லை என்றால் அது முடக்கம், நீக்கம் இல்லை.

மூன்றாவதுதான் விஷமமானது. முகவரி அதே, பக்கம் அதே, உள்ளே எழுத்து மட்டும் மாறியிருக்கும். இதற்கு அச்சுக் காலத்திலேயே முன்னோடி உண்டு. 1953-ல் சோவியத் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா வீழ்ந்ததும், பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. ஐந்தாம் தொகுதியின் 21 முதல் 24 வரையான பக்கங்களைக் கத்திரி அல்லது பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே வைத்திருக்கும் தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு. புதிய தாள்களில் பெரியா இல்லை. பெரிங் கடலைப் பற்றி நீளமாக எழுதி இடத்தை நிரப்பியிருந்தார்கள். வெட்டாமல் வைத்திருந்த பிரதிகள் வெளிநாட்டு நூலகங்களில் இருந்ததால்தான் நாம் இன்று ஒப்பிட முடிகிறது. இணையத்தில் வெட்டி ஒட்டும் வேலையை வாசகர் செய்ய வேண்டியதுகூட இல்லை.

நான்காவது வகை பேசப்படுவதே இல்லை: விதிப்படி அழிப்பது. ஒவ்வொரு அலுவலகத்திலும் எந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று அட்டவணை உண்டு. தேர்தல் காட்சிப் பதிவுகளை, வழக்கு எதுவும் இல்லையென்றால் 45 நாளில் அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் மாநில அதிகாரிகளுக்குச் சொன்னது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நீங்கள் ஐம்பதாவது நாள் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள். அதனால் நாட்காட்டியில் குறிக்க வேண்டியது ஆவணம் வந்த தேதியை மட்டுமல்ல, அது சாகும் தேதியையும்தான்.

இரண்டாவது வேலை: வேபேக் மெஷினில் போடுங்கள்

வலைப்பக்கங்களின் பிரதியைத் தேதியோடு சேமித்து வைக்கும் சேவை வேபேக் மெஷின். சான் பிரான்சிஸ்கோவில் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் அதை நடத்துகிறது. அதன் முகப்பில் ‘சேவ் பேஜ் நவ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். சேமிக்க வேண்டிய பக்கத்தின் முகவரியை அதில் ஒட்டி அழுத்துங்கள். ஓரிரு நிமிடத்தில் புதிய முகவரி ஒன்று தரும். இலவசக் கணக்கு தொடங்கி உள்ளே போனால் ஸ்கிரீன்ஷாட்டையும், அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் லிங்குகளையும் சேர்த்தே சேமிக்கச் சொல்லலாம்.

அந்தப் புதிய முகவரியின் நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 20250215093000 என்றால், முதல் நான்கு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள், பிறகு மணி, நிமிடம், நொடி. அதாவது 2025 பிப்ரவரி 15, 9 மணி 30 நிமிடம். ஆனால் அது நம்மூர் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் பிற்பகல் 3 மணி. சின்ன விஷயம்தான், ஆனால் இரவு 2 மணிக்குச் சேமித்த பக்கம் முந்தைய நாள் தேதியோடு நிற்கும். ‘நீக்கியதற்கு முந்தைய நாளே எடுத்தது’ என்று தவறாக எழுதி, எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் முழு வேலையும் கெட்டது.

இன்னொன்று. பக்கத்தைச் சேமித்துவிட்டால் அதில் தொங்கும் பிடிஎஃப்பும் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அரசாணை, டெண்டர், அறிக்கை எல்லாம் பிடிஎஃப்பாகத்தான் இருக்கும். பிடிஎஃப்பின் சொந்த முகவரியைத் தனியாக எடுத்து அதையும் அதே பெட்டியில் போடுங்கள். போட்ட பிறகு திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். வெற்றுப் பக்கமோ சுழலும் வட்டமோ மட்டும் பதிவாகியிருப்பது அடிக்கடி நடக்கும்.

பழைய பக்கம் எப்படி மாறியது என்று பார்க்கவும் இங்கேயே வசதி உண்டு. ஒரே முகவரியின் இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுத்தால் சேர்ந்தது எது, போனது எது என்று வண்ணமிட்டுக் காட்டும். மேலே சொன்ன மூன்றாவது வகை விஷமத்துக்கு இதுதான் மருந்து.

சரி, இத்தோடு போதுமா? போதாது. 2017 ஆகஸ்டில் வேபேக் மெஷினே இந்தியாவில் சில நாட்கள் திறக்கவில்லை. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கேட்டு வாங்கிய சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில், 2,600-க்கும் மேற்பட்ட தளங்களோடு தளமாக இதுவும் மாட்டிக்கொண்டது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் சுமார் 3.1 கோடிப் பயனர்களின் விவரம் திருடுபோய், சேவை பல நாட்கள் படுத்துவிட்டது. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பழைய பதிவுகளை மறைத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது வேலை: உங்கள் கையில் ஒன்று

பிடிஎஃப்பை டவுன்லோடு செய்யுங்கள். வலைப்பக்கமாக இருந்தால் பிரவுசரில் பிரின்ட் கொடுத்து பிடிஎஃப்பாக மாற்றலாம். சிங்கிள்ஃபைல் என்ற இலவச பிரவுசர் நீட்சியைப் போட்டுக்கொண்டால் படங்களோடு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக இறங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதாக இருந்தால் முகவரிப் பட்டையும் தெரிய வேண்டும். அது இல்லாத ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப்பில் சுற்றலாம், வேறெதற்கும் ஆகாது.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘புதியது-2-இறுதி’ என்று வைத்தால் மூன்று மாதத்தில் உங்களுக்கே புரியாது. தேதி, துறை, ஆவண எண், தலைப்பு என்ற வரிசையில் வையுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினால் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் நிற்கும்.

அடுத்து ஹேஷ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பைக் கொடுத்தால் SHA-256 என்ற கணக்கீடு 64 எழுத்து நீளமுள்ள ஒரு வரியைத் தரும். கோப்பில் ஒரு கமா மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். டவுன்லோடு செய்த அன்றே அந்த வரியை எடுத்து, நம்பகமான இருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அந்த மின்னஞ்சலின் தேதிக்குப் பிறகு நீங்கள் கோப்பில் கைவைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டிலோ எக்ஸெல் தாளிலோ எழுதுங்கள்: எந்த முகவரி, என்று எத்தனை மணிக்கு எடுத்தது, வேபேக் லிங்க் என்ன, ஹேஷ் என்ன, எங்கே வைத்திருக்கிறீர்கள், யாரிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. அலுப்பான வேலைதான். ஆனால் நான் பார்த்தவரை, சேமித்த கோப்புகள் பயன்படாமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

எங்கே வைப்பது என்பதற்கு நூலகத்துறையினர் பழைய கணக்கு ஒன்று சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். மடிக்கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, மதுரையிலோ டொரன்டோவிலோ இருக்கும் நண்பரிடம் ஒன்று. வேறு ஊர் என்பதற்கான காரணத்தைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1981 ஜூன் 1 அதிகாலைக்குள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டம் 2005 முதல் செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான், பெரிய அளவில்.

ஏற்கெனவே போய்விட்டது என்றால்

வேபேக்கில் முகவரியைப் போட்டுத் தேடுவது முதல்படி. வேறு யாராவது சேமித்திருக்கலாம். கூகுள் வைத்திருந்த பழைய பிரதியைக் காட்டும் ‘கேஷ்’ லிங்கை நம்பி இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்து, அந்த ஆவணம் அன்று யார் யாருக்கெல்லாம் போயிருக்கும் என்று யோசியுங்கள். செய்தியாளர்கள், எதிர்க்கட்சி உறுப்பினர்கள், பல்கலைக்கழக நூலகங்கள். நாடாளுமன்ற, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை மறக்காதீர்கள். 1928-ல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தபோது சத்தியமூர்த்தி அதைச் சட்டசபையில் எழுப்பினார். அந்த விவாதம் அரசு அச்சிட்ட ஏட்டிலேயே இருக்கிறது. தடை செய்தவர்களின் அலமாரியில் தேடுவதும் நல்ல உத்தி. ஆங்கிலேயர் இந்தியாவில் தடைசெய்த நூல்களும் துண்டறிக்கைகளும் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. பறிமுதல் செய்தவன் ஒரு பிரதியைக் கோப்பில் வைக்காமல் விடமாட்டான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

பாடநூல் விஷயத்தில் பழைய புத்தகக் கடைதான் கைகொடுக்கும். 2023-ல் என்சிஇஆர்டி புத்தகங்கள் மறு அச்சாகி வந்தபோது, நீக்கப்பட்டவை என்று முன்பே வெளியிட்ட பட்டியலில் இல்லாத வரிகளும் போயிருந்தன. காந்தி கொலையை ஒட்டிய சில வரிகள் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இல்லை. இதைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தது எந்த ரகசியக் கோப்பையும் பார்த்து அல்ல. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துத்தான். வீட்டில் பிள்ளைகளின் பழைய பாடநூல்களை எடைக்குப் போடும் முன் வரலாறு, குடிமையியல் இரண்டையும் மட்டுமாவது எடுத்து வையுங்கள்.

கடைசியாகத் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘ஏன் நீக்கினீர்கள்?’ என்று கேட்பார்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று பொதுத் தகவல் அலுவலர் ஒரே வரியில் முடித்துவிடுவார். இருக்கும் தாளைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“தங்கள் துறையின் இணையதளத்தில் இன்ன தேதி வரை இருந்த, இன்ன எண்ணும் தலைப்பும் கொண்ட அறிக்கையின் சான்றளிக்கப்பட்ட நகல், அதை ஏற்றியது, நீக்கியது தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், தங்கள் அலுவலக ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய கால அட்டவணையின் நகல்.”

கூடவே வேபேக் லிங்கையும் ஒரு அச்சுப் பிரதியையும் இணைத்துவிடுங்கள். அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று சொல்ல அப்புறம் அவர்களுக்கு வழியிருக்காது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

எதைச் சேமிக்கக் கூடாது, யார் மாட்டுவார்கள்

அதிகாரம் தன் தவறை மறைப்பதும், சாதாரண மனிதர் ஒருவர் தன் பழைய துயரத்தை மறக்கச் சொல்வதும் வேறு வேறு. வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து எடுக்கக் கேட்டபோது 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமே இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் வழக்கம் இது: பதவியில் இருந்துகொண்டு செய்ததைச் சேமிப்பேன், தனி ஆளின் வீட்டு விவரத்தைச் சேமிக்க மாட்டேன். பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், குழந்தைகளின் விவரம் இவற்றைத் தொடவே கூடாது, அது குற்றமும்கூட. கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்குள் குறுக்கு வழியில் நுழைய வேண்டாம்.

ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வூஹான் மருத்துவர் ஐ ஃபென் கொரோனா பற்றிக் கொடுத்த பேட்டி சீன இணையத்திலிருந்து நீக்கப்பட்டபோது, மக்கள் அதை எமோஜியாகவும் மோர்ஸ் குறியீடாகவும், பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதியும் மறுபடி மறுபடி ஏற்றினார்கள். படிக்கும்போது கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் அதே காலத்தில் இத்தகைய நீக்கப்பட்ட கட்டுரைகளை, மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தொகுத்த இரண்டு இளைஞர்கள் ஏப்ரலில் பிடிபட்டு, 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். இந்தியாவில் அரசே வெளியிட்ட ஆவணத்தைச் சேமிப்பதற்கு அந்த அளவு பயப்பட வேண்டியதில்லை. கசிந்த கோப்பு, ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய தாள் உங்கள் கைக்கு வந்தால் மட்டும் எதையும் ஏற்றாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் டெல்லியைக் காட்டுவதில்லை. உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றத் தீர்மானங்கள், உங்கள் பகுதி டெண்டர் அறிவிப்புகள், உங்கள் தொகுதி வேட்பாளர்களின் படிவம் 26 சொத்துப் பிரமாணப் பத்திரங்கள். மூன்றும் பொதுவில் இருப்பவை. பெரிய பத்திரிகைகள் எதுவும் சேமித்து வைக்காதவை. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ஆறு மாதம் எதுவும் காணாமல் போகாது, வேலை வீண் என்று தோன்றும். தேர்தல் நெருங்கும்போது நோட்டைத் திறந்து, பழைய லிங்குகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.